முதலில் கார்டு அண்ணனின் பை

சிவநேசன் எடுத்த எடுப்பில் யாரையும் நம்பியதில்லை. முட்டை வாங்கினால் ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பார். சமையல் எரிவாயு உருளை, அதாவது தோம்பு, கொண்டு வருபவரை நிறுத்திவைத்து, தோம்பை ஆட்டிப் பார்த்த பிறகே உள்ளே விடுவார். பாசாரில் மீன்காரர் தராசின்மேல் விரல் வைத்திருக்கிறாரா என்று குனிந்து பார்ப்பார். "முருகனே நேர்ல வந்து நின்னாலும் ஐசி எங்க, அடையாள அட்டை எங்கன்னு கேப்பீங்க" என்று அவர் மனைவி லெட்சுமி சொல்வதுண்டு. "வேற எவனாவது முருகன் வேஷத்துல வந்திருந்தா?" என்பார் அவர். அவர் அதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

செய்த வேலையும் அவர் குணத்துக்கு ஏற்றதாகவே அமைந்துவிட்டது. தாசேக் கெலுகோரிலிருந்து இளவயதில் பினாங்குத் தீவுக்கு வந்தவர், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் காவலராக, அதாவது 'கார்டா'கச் சேர்ந்து, வாசல் மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றார். அங்கே செய்யப்பட்ட பொருள்கள் விரல் நகத்துக்கடியில் மறைந்துவிடும் அளவுக்குச் சிறியவை. அதனால் ஷிப்ட் முடிந்து வெளியேறும் ஆண்களின் பைகளை ஒன்றுவிடாமல் திறந்து பார்க்க வேண்டும். ஒருவர் பையை இன்னொருவர் கிளறுவது யாருக்கும் பிடிக்காத காரியம். ஆனால் சிவநேசன் வாசலில் சண்டை வந்ததில்லை. காரணம், அவராகவே வைத்துக்கொண்ட ஒரு வழக்கம். வரிசை நகரத் தொடங்கும் முன் தம்முடைய பையை மேசைமேல் வைத்துத் திறந்து, முதலில் நிற்கும் ஆளிடம் தள்ளுவார். அந்த ஆள் கைவிட்டுத் துழாவி, சரி என்று சொன்ன பிறகே மற்றவர்களின் பையைத் தொடுவார்.

"எதையாச்சும் வெளிய கடத்தணும்னா வாசல்ல நிக்கிறவனுக்குத்தான் சுலபம். அதனால முதல்ல கார்டோட பை" என்பார்.

வரிசையில் பெரும்பாலும் முதலில் நின்றவர் லாரன்ஸ். தொழிற்சாலை பஸ்ஸில் ஜன்னல் ஓர இருக்கை பிடிக்க ஓடிவரும் இயந்திரப் பிரிவு ஆள். சிவநேசனின் சாப்பாட்டு அடுக்கைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கும் கத்திரிக்கா சாம்பாரா? பாவம். சரி, போகலாம் கார்டு அண்ணே" என்பார். உடனே லாரன்ஸின் பையைச் சிவநேசன் தலைகீழாகக் கவிழ்ப்பார். அதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

இருவரும் டத்தோ கிராமாட்டில் ஒட்டு வீடுகளில் குடியிருந்தார்கள். நடுவில் ஒரே சுவர். ஓய்வு பெற்ற பிறகும் லாரன்ஸுக்கு அவர் 'கார்டு அண்ணே'தான். லாரன்ஸின் மனைவி ஐரீன் கிறிஸ்துமஸுக்குச் சுடும் பணியாரம் இந்தப் பக்கமும், தீபாவளி முறுக்கு அந்தப் பக்கமும் போய்வந்தன. லெட்சுமி இறந்தபோது சவப்பெட்டியின் ஒரு முனையைத் தூக்கியவர் லாரன்ஸ்.

அந்த லாரன்ஸின்மேல் சந்தேகம் விழக் காரணமாக இருந்தது ஒரு வெள்ளை நிற ஃபைபர் லைன்.

லெட்சுமி போன பிறகு சிவநேசன் தனியாக இருந்தார். ஒரே மகள் ரூபினி கோலாலம்பூரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்த்தாள். விபத்துக்குள்ளான வாகனங்களுக்கு நஷ்டஈடு கேட்பவர்களுடன் கணினித் திரையில் பேசி, கேள்வி கேட்டு, முடிவு எழுதும் வேலை. ஒருமுறை ஊருக்கு வந்திருந்தபோது, அப்பா தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும் பெண்ணிடம், "அதெப்படி? நேத்து வேற மாதிரி சொன்ன!" என்று வாதாடிக்கொண்டிருப்பதை அவள் பார்த்துவிட்டாள். சிரித்தாள், ஆனால் அன்றே தன் மேலதிகாரி பிரமிளாவிடம் பேசினாள். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், ஆனால் இணைய லைன் அறுபடாமல் இருக்க வேண்டும் என்றார் பிரமிளா. நல்ல லைன் போட்டதும் ஒரு மாதம் பார்ப்பார்கள். தேறினால் பினாங்கிலேயே இருக்கலாம். இல்லையென்றால் திரும்பிப் போக வேண்டும்.

"லைனை நான் பார்த்துக்கறேன். நீ மூட்டையக் கட்டு" என்று சிவநேசன் வாக்குக் கொடுத்தார். மகள் வந்து சேர்ந்தாள். லைன்தான் வரவில்லை.

தெருக் கம்பத்திலிருக்கும் கறுப்புப் பெட்டியில்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இணைப்பு இருக்குமாம். அந்தப் பெட்டி நிரம்பிவிட்டது, இடம் காலியானால் சொல்கிறோம் என்றது இணையக் கம்பெனி. மதில் ஓரம் நின்றிருந்த லாரன்ஸிடம் சிவநேசன் இதைச் சொன்னார்.

"ஐயோ, அப்படியா அண்ணே? எனக்குப் போன வாரம்தான் போட்டாங்க. கடைசி இடம்னு சொன்னான் லா" என்றார் லாரன்ஸ்.

"கடைசி இடமா? அது எப்படி உனக்குச் சரியா கிடைச்சுச்சு?"

"கேட்டேன். குடுத்தான்."

கேட்டால் கொடுத்துவிடுவார்களா? எந்தக் கம்பெனி அப்படிக் கொடுக்கிறது?  சிவநேசன் அந்தப் பதிலை மனத்தில் ஓர் ஓரமாக எடுத்து வைத்தார்.

கடைசியில், முனை வீட்டில் குடியிருந்தவர்கள் காலி செய்துகொண்டு போனதால் பெட்டியில் இடம் கிடைத்தது. ஆள் வருவதாகச் சொன்ன நாளில் சிவநேசன் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மதியச் சோற்றையும் அங்கேயே தட்டில் போட்டுச் சாப்பிட்டார். யாரும் வரவில்லை. மாலையில் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது: எங்கள் ஊழியர் வந்தபோது வாடிக்கையாளர் வீட்டில் இல்லை.

சிவநேசனுக்கு முகம் சிவந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க வாசலில் நின்றவரைப் பார்த்து, நீ வாசலில் இல்லை என்று ஒருவன் எழுதுகிறான்! கம்பெனிக்குப் போன் போட்டார். பேசியது ஒரு தமிழ்ப் பெண்.

"சிஸ்டத்துல நீங்க வீட்ல இல்லைன்னு இருக்கு அங்கிள்."

"சிஸ்டம் எந்த வாசல்ல நின்னு பார்த்துச்சு?"

"அங்கிள், நான் பார்க்கிறது சிஸ்டத்தைத்தான்."

"நான் பார்த்தது ரோட்ட. காலையிலேர்ந்து ஒரு பூனை, ஒரு தபால்காரன், ரொட்டி விக்கிறவன். உங்க ஆளு இதுல யாரு?"

உள்ளே கைப்பேசி இணைப்பை வைத்துத் தட்டுத்தடுமாறி வேலை செய்துகொண்டிருந்த ரூபினிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "அப்பா, சண்டை போடாதீங்க. அப்புறம் ஆளே அனுப்ப மாட்டாங்க."

"அனுப்பாம இருக்கிறதுக்கு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றார் அவர். பார்வை பக்கத்து வீட்டுப் பக்கம் போனது. அங்கே லாரன்ஸ் ஓர் உயரமான இரும்புக் குழாயின் உச்சிக்குக் கயிறு கட்டிப் பறவைக் கூண்டை ஏற்றிக்கொண்டிருந்தார்.

அது மெர்போக் என்று மலாயில் சொல்லும் சிறிய வரிப்புறா. குரலுக்காக வளர்ப்பார்கள். உயரத்தில் காற்று பட்டால்தான் நன்றாகக் கூவுமாம். கொடி ஏற்றுவதுபோல் கூண்டை ஏற்றுவார். வெயில் ஏறியதும் இறக்குவார். அந்தக் கயிறு, தெருக் கம்பத்திலிருந்து வீடுகளுக்கு வரும் ஒயர்களிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. சிவநேசன் அதையும் மனத்தில் எடுத்து வைத்தார்.

அடுத்தமுறை ஆள் உண்மையாகவே வந்தார். பெயர் சீனி முகம்மது; கம்பெனிக்காகக் காண்ட்ராக்டில் வேலை செய்பவர். கழுத்தில் தொங்கிய அட்டையைச் சிவநேசன் வாங்கிப் படித்தார். பிறகு ஐசி கேட்டார். ஐசியிலுள்ள படத்தையும் ஆளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"படத்துல மீசை இல்லையே?"

"கல்யாணத்துக்கு முன்னால எடுத்தது அங்கிள். பொண்டாட்டி வைக்கச் சொன்னா."

"ஏணி உங்களுதா, கம்பெனியோடதா?"

"அங்கிள், நான் லைன் போட வந்தேனா, பொண்ணு கேட்டு வந்தேனா?"

ரூபினி உள்ளேயிருந்து வாய்விட்டுச் சிரித்தாள். சிவநேசன் கேட்டைத் திறந்தார்.

பக்கச் சுவரில் கீழாக ஓட்டை போட்டால் ஒயர் குறைவாகப் போகும் என்றார் சீனி முகம்மது. அது லாரன்ஸ் வீட்டோடு ஒட்டிய சுவர். "அந்தப் பக்கம் வேணாம்" என்று சிவநேசன் ஒரேயடியாக மறுத்துவிட்டார். ஆகவே ஒயர் கூரை ஓரத்திலிருந்து, கதவுக்கு மேலுள்ள காற்றுத் துவாரம் வழியாக உள்ளே வந்து, கூடத்துச் சுவரின் மேல்பகுதியில் ஓடி, லெட்சுமியின் படத்துக்குப் பக்கத்து அலமாரியில் வைத்த மோடத்தில் போய்ச் சேர்ந்தது. கடைசியில் மிஞ்சிய ஒயரைச் சீனி முகம்மது அகலமான வளையமாகச் சுற்றித் தொங்கவிட்டார்.

"இது செம்புக் கம்பி இல்ல அங்கிள். உள்ள இருக்கிறது கண்ணாடி நூல். வெளிச்சம்தான் ஓடுது. மடிச்சிடாதீங்க, அழுத்திடாதீங்க."

நாளைக்குப் பழுதாகிவிட்டால் பழியை நம் தலையில் கட்ட இப்போதே போடுகிற அஸ்திவாரம் என்று நினைத்துக்கொண்டு சிவநேசன் தலையாட்டினார். மோடத்தில் பச்சை விளக்குகள் எரிந்தன. ரூபினி கைதட்டினாள்.

ஆள் போன பிறகு சிவநேசன் கூடத்தை ஒருமுறை நோட்டம் விட்டார். அந்த வளையம் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. கண்ணில் படும் பொருள் கையில் படும். கையில் பட்டால் காணாமல் போகும். அது அவர் தொழிலில் கற்ற பாடம். நாற்காலிமேல் ஏறி, வளையத்தை எடுத்து லெட்சுமியின் படத்துக்குப் பின்னால் செருகி, மேலேயிருந்த ஆணியில் மாட்டிவைத்தார். இறங்கி நின்று பார்த்தார். ஒயர் இருப்பதே தெரியவில்லை. இனி எந்தத் திருட்டுக் கையும் அதைத் தொட முடியாது.

சில நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. காலையில் ரூபினி குரல் கேட்டது, மாலையில் அவள் வைத்த டீ மணந்தது. செய்தி வாசிப்பவளோடு சிவநேசனுக்கு இருந்த வழக்கு தள்ளுபடியானது.

வெள்ளிக்கிழமை வந்தது. அவர் குளித்து, பூக்கடைக்குப் போய் மல்லிகை மாலை வாங்கி வந்தார். நெருக்கமாகத் தொடுத்து, தண்ணீர் தெளித்து, வாழையிலையில் பொதிந்து தருவார்கள். அதை லெட்சுமியின் படத்துக்குப் போட்டுக் கும்பிட்டார். போன வாரத்துக் காய்ந்த மாலையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, லாரன்ஸ் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். கூண்டு ஆடி ஆடி மேலே போனது.

"அப்பா! லைன் போச்சு!" என்று உள்ளேயிருந்து ரூபினி கத்தினாள்.

சிவநேசன் கூண்டைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். லாரன்ஸைப் பார்த்தார்.

"என்ன அண்ணே, அப்படிப் பார்க்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல."

மோடத்தில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கியது. அன்று முழுக்க லைன் வருவதும் போவதுமாக இருந்தது. மறுநாள் மதியத்துக்குமேல் தானாகவே சரியானது. திங்கட்கிழமை சீனி முகம்மது கருவி வைத்துப் பார்த்துவிட்டு, லைன் அருமையாக இருக்கிறது என்றார்.

"இப்ப நல்லாத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை வாங்க."

"வெள்ளிக்கிழமை பாதி நாள் தொழுகைக்குப் போயிரும் அங்கிள். மீதிப் பாதியிலதான் ஊர் வேலையெல்லாம்."

அடுத்த வெள்ளியும் அப்படியே நடந்தது. பூக்கடை, கும்பிடு, வாசல், லாரன்ஸின் கயிறு, ரூபினியின் கூச்சல். ஒருமுறை நடந்தால் தற்செயல், இருமுறை நடந்தால் கை இருக்கிறது என்பது வாசல்காரரின் கணக்கு. இந்த முறையும் திங்கட்கிழமையே வந்த சீனி முகம்மது கூரை ஓரத்தில் இணைப்பை மாற்றினார். கம்பத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு உள்ளே வந்து, சுவரோரம் ஒயரைத் தடவிக்கொண்டே லெட்சுமியின் படம்வரை போனார்.

"அதுல கை வைக்காதீங்க" என்றார் சிவநேசன். "என் வீட்டுக்காரி படம்."

சீனி முகம்மது உடனே கையை இழுத்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினார். "மன்னிச்சுக்குங்க அங்கிள். உள்ள யாராச்சும் ஒயரைத் தொட்டீங்களா?"

"இந்த வீட்ல யாரும் எதையும் தொடல."

அவர் பொய் சொல்லவில்லை. பாதுகாப்பாக எடுத்து வைப்பதைத் தொடுவது என்று அவர் நினைத்ததே இல்லை.

அன்றிரவு சாப்பிடும்போது ரூபினி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "பிரமிளா அக்கா கேட்டாங்கப்பா. ஒரு பொம்பளை, கார் மோதி கால் உடைஞ்சவங்க, அழுதுக்கிட்டே நடந்ததைச் சொல்லிக்கிட்டிருக்காங்க. பாதியில நான் மறைஞ்சு போயிட்டேன். இன்னும் ரெண்டு வாரம் பார்ப்பாங்களாம். கடைசி வெள்ளிக்கிழமை அவங்களே லைன்ல உக்காந்து கவனிக்கப் போறாங்க."

"அன்னிக்கு அறுந்தா?"

"அக்கா மேலிடத்துல என்னான்னு சொல்வாங்க? நான் திரும்பிப் போகணும்."

சிவநேசன் தட்டைத் தள்ளி வைத்தார். சுவரின் மறுபக்கம் லாரன்ஸ் புறாவுக்குச் சீட்டியடிப்பது கேட்டது. மனிதன் இவ்வளவு சந்தோஷமாக இருக்க என்ன காரணம்? அவருடைய பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். மாதக்கணக்கில் வருவதில்லை. பக்கத்து வீட்டில் மட்டும் மகள் திரும்பி வந்தால் வயிறு எரியாதா? அந்த யோசனை வந்ததும் எல்லாம் பொருந்திவிட்டது. கடைசி இடம் பொருந்தியது; வராத ஆள் பொருந்தினான்; கயிறும் பொருந்தியது.

மூன்றாவது வெள்ளி, சிவப்பு விளக்கைக் கண்டதும் சிவநேசன் வெளியே பாய்ந்தார்.

"லாரன்ஸ்! அந்தக் கயித்தை விடு!"

"விட்டா பறவை விழுந்திரும் அண்ணே."

"விழட்டும்! என் மக பொழப்பு விழுது, அது தெரியலையா? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீ கயிறு இழுக்கிற, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் லைன் போகுது!"

லாரன்ஸ் கயிற்றைக் குழாயில் நிதானமாகக் கட்டினார். "நான் தினமும்தான் இழுக்கிறேன். மத்த நாளு நீங்க வந்து பார்க்கிறதில்ல."

"பேச்சை மாத்தாத. கடைசி இடம் உனக்கு எப்படிக் கிடைச்சுச்சு? எவனைப் பிடிச்ச?"

லாரன்ஸின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. உள்ளேயிருந்து ஐரீன், "என்னாங்க, உள்ள வாங்க, ரோட்ல எல்லாரும் பார்க்கிறாங்க" என்று கூப்பிட்டார். லாரன்ஸ் போகவில்லை.

"கார்டு அண்ணே, இத்தனை வருஷம் என் பையைக் கவுத்தீங்க. ஒரு நாளாச்சும் என்னமாச்சும் விழுந்துச்சா?"

சிவநேசன் பார்வையைக் கயிற்றின்மேலேயே வைத்திருந்தார்.

"சரி. அடுத்த வெள்ளிக்கிழமை என் பறவை மேல ஏறாது. கூண்டுக்குத் துணி போட்டு வீட்டுக்குள்ள வச்சிருப்பேன். கயித்தையும் அவுத்திடுறேன். அப்பவும் உங்க லைன் போச்சுன்னா?"

"போகாது" என்றார் சிவநேசன்.

அந்த வாரம் ஒட்டு வீடுகள் இரண்டுக்கும் நடுவே பேச்சில்லை. ஐரீன் ரூபினியிடம் மட்டும், "சாப்பிட்டியா?" என்று மதிலுக்கு மேலாகக் கேட்டார், அதையும் மெதுவாகவே கேட்டார்.

கடைசி வெள்ளிக்கிழமை சிவநேசன் பூக்கடைக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக் குழாய் கயிறில்லாமல் மொட்டையாக நின்றது. திரும்பி வந்தபோதும் அப்படியே நின்றது. அவருக்கு மனம் தெளிந்தது. இன்று லெட்சுமிக்கு வழக்கத்தைவிடப் பெரிய மாலை. ஈரம் சொட்டச் சொட்ட அதைப் படத்துக்குப் போட்டு, "இன்னிக்கு ஒரு நாள் புள்ளையப் பார்த்துக்க" என்று கும்பிட்டார். தன் அறையில் ரூபினி பிரமிளாவுக்குக் காலை வணக்கம் சொல்வது கேட்டது. சிவநேசன் வாசலுக்குப் போய்க் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்து வாசலில் லாரன்ஸும் கைகட்டி நின்றார்.

"அப்பா!"

அந்தக் குரலில் இந்த முறை கூச்சல் இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "போயிருச்சுப்பா. போன் டேட்டாவுல பிடிச்சு வச்சிருக்கேன், அதுவும் வெட்டி வெட்டி வருது. பிரமிளா அக்கா பத்து நிமிஷம் பார்க்கலாம்கிறாங்க."

சிவநேசன் மொட்டைக் குழாயை அண்ணாந்து பார்த்தார். காற்றுகூட இல்லை. லாரன்ஸ் வீட்டுக்குள்ளிருந்து, துணிக்கடியில் இருந்த புறா ஒரே ஒருமுறை மந்தமாகக் கூவியது.

லாரன்ஸ் கேலி செய்யவில்லை. மதிலருகே வந்து, மதில்மேல் இரண்டு கைகளையும் ஊன்றி, தணிந்த குரலில் சொன்னார்: "என் பையைப் பார்த்தாச்சு. கார்டு அண்ணே, முதல்ல யார் பையைத் திறக்கணும்?"

சிவநேசன் கேட்டிலிருந்து கையை எடுத்தார். அவர் உள்ளே போனார்.

கூடத்தின் நடுவில் நின்று, முதல்முறையாகத் தம் வீட்டை ஒரு வரிசையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே போனார்கள், யார் கை எங்கே பட்டது. காற்றுத் துவாரத்தில் ஆரம்பித்தார். நாற்காலியை நகர்த்தி நகர்த்தி ஏறி, வெள்ளை ஒயரின்மேல் விரலை வைத்து வந்தார். கதவுக்கு மேல் நேராக இருந்தது. மூலையில் அகலமாக வளைந்தது. சுவரில் நேராக ஓடியது. விரல் லெட்சுமியின் படத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இதற்குமேல் போகவிடாமல் சீனி முகம்மதுவின் கையை நிறுத்தியவர் அவர்தான்.

படத்தின் மேல்விளிம்பை எட்டிப் பார்த்தார். வளையத்தை அவர் மாட்டிய அதே ஆணியில்தான் மாலையின் நாரும் இருந்தது. நாருக்கும் ஆணிக்கும் நடுவே ஒயர் அகப்பட்டு, ஈர மல்லிகையின் பாரம் முழுதும் அதன்மேல் இறங்கி, கூர்மையாக மடிந்து கிடந்தது. காய்ந்த மாலைக்கு இந்தப் பாரம் கிடையாது.

வெள்ளிக்கிழமை கனக்கும். சனிக்கிழமை காயும். திங்கட்கிழமை ஆள் வருவான்.

அவர் மாலையைப் பிடித்து இழுத்தார். நார் அறுந்து, மல்லிகை நாற்காலியிலும் தரையிலும் கொட்டியது. ஒயரை ஆணியிலிருந்து எடுத்து, இரு கைகளிலும் குழந்தையைப்போல் ஏந்திக்கொண்டு நின்றார். அலமாரியில் சிவப்பு விளக்கு இரண்டு முறை மினுங்கிவிட்டு அணைந்தது. அந்த இடத்தில் பச்சை வந்தது.

உள்ளே ரூபினி, "இருக்கேன் அக்கா, தெளிவா கேக்குது... இல்ல, இப்ப வீட்டு லைன்தான்" என்று சொல்வது கேட்டது.

அவள் வெளியே வரும்வரை சிவநேசன் நாற்காலியிலிருந்து இறங்கவில்லை. கைகள் வலித்தும் வளையத்தைக் கீழே விடவில்லை. கதவைத் திறந்த ரூபினி தரையெல்லாம் பூவையும், மாலையில்லாத படத்தையும், நாற்காலிமேல் நிற்கும் அப்பாவையும் பார்த்தாள். அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"அம்மாவா இவ்வளவு நாளா லைனைப் பிடிச்சு வச்சிருந்தாங்க?"

"உங்கம்மா மேல பழி போடாத" என்றார் சிவநேசன். "நான்தான் அதைத் தூக்கி மாட்டினேன். யாரும் தொட்டுடக் கூடாதுன்னு." பிறகு, "பிரமிளா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"என்ன கோளாறுன்னு கேட்டாங்க. வீட்டுக்குள்ளதான், கண்டுபிடிச்சாச்சுன்னு சொன்னேன். அப்ப மீதி நாளைப் பார்ப்போம்னாங்க."

மீதி நாள் முழுக்க லைன் அறுபடவில்லை. பிரமிளா எழுதிய இரண்டு வரிகளை ரூபினி மாலையில் வாசித்துக் காட்டினாள்: அவள் பினாங்கிலிருந்தே வேலை செய்யலாம். அது உண்மையாகவே பிரமிளா எழுதியதுதானா என்று சிவநேசன் கேட்டதும், அவள் கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அனுப்பியவர் பெயரைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். படத்துக்கு வேறு ஆணி அடித்தார்கள், ஒயரிலிருந்து நன்றாகத் தள்ளி. சீனி முகம்மதுவுக்கு ரூபினி போன் பண்ணிச் சொன்னபோது மறுமுனையில் வெகுநேரம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

லாரன்ஸிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் சிவநேசன். சொல்வதற்கு வார்த்தை தேடியதில் அன்றிரவு கழிந்தது.

மறுநாள் காலை அவர் சைக்கிளில் பாசாருக்குப் போனார். திரும்பி வந்தபோது லாரன்ஸ் வாசலில் உட்கார்ந்து, அவிழ்த்த கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். கூண்டு பக்கத்தில் இருந்தது; துணியை எடுத்திருந்தார். சிவநேசன் தம் வீட்டு கேட்டைத் திறக்காமல் தாண்டிப் போய், லாரன்ஸின் கேட்டுக்கு முன்னால் நின்றார். சைக்கிள் கைப்பிடியில் மாட்டியிருந்த பையை எடுத்து, மதில்மேல் வைத்து, வாயை அகலமாகத் திறந்து அவர் பக்கம் தள்ளினார். 

லாரன்ஸ் பையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். கயிற்றைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, கைவிட்டுத் துழாவினார். அவசரமே படவில்லை.

"வெண்டைக்கா. முத்தல். உங்களையே ஏமாத்திட்டானா?" இன்னும் ஆழமாகக் கைவிட்டார். "கருவாடு. கத்திரிக்கா... இன்னும் விடலையா இதை?" அடியில் கை எதிலோ தட்டியது. வெளியே எடுத்தார். பறவைத் தினைப் பொட்டலம் ஒன்று.

"இது என்னா?"

"எப்படி வந்துச்சுன்னு தெரியல" என்றார் சிவநேசன், கூண்டைப் பார்த்தபடி.

லாரன்ஸ் பொட்டலத்தை வெளிச்சத்துக்குத் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பி, முகர்ந்தும் பார்த்தார். "இது கம்பெனி பொருள். வெளிய போக விட முடியாது" என்று சொல்லி அதைத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பையின் வாயை மூடி, மதிலுக்கு இந்தப் பக்கம் தள்ளினார்.

"சரி, போகலாம் கார்டு அண்ணே."

சிவநேசன் போகவில்லை. கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். லாரன்ஸ் மறுமுனையைக் குழாயில் கோத்தார். கூண்டு ஆடி ஆடி மேலே போயிற்று. உள்ளே ரூபினி, தோழி யாரோடோ பேசிச் சிரிக்கும் சத்தம் நடுவில் அறுபடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.